காளிமுத்துவுக்கு வளைகாப்பு

மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஓர் ஆம்பளைக்கு வளைகாப்பு நடந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். நடந்தது. ஏழு வகைச் சோறு இருந்தது, சந்தனம் இருந்தது, பன்னீர் இருந்தது, கண்ணாடி வளையல் ஆறு டஜன் இருந்தது. வளைகாப்புக்காரருக்கு வயது ஐம்பத்து மூன்று. பெயர் காளிமுத்து. அவர் வயிற்றில் ஏழு மாதமாக வளர்ந்துகொண்டிருந்தது பிள்ளை இல்லை, அவருடைய மேல்தாடை.

முதலிலிருந்து சொன்னால்தான் இது புரியும்.

காளிமுத்து வாரத்தில் ஐந்து நாள் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். சனி ஞாயிறு வந்துவிட்டால் ஆளைக் கையில் பிடிக்க முடியாது. அலோர் காஜாவிலிருந்து தெங்கேரா வரைக்கும் எந்த மண்டபத்தில் கல்யாண விருந்து என்றாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். மணமக்கள் வாசலில் வந்து நின்றதும், "இதோ… இதோ… இதோ!" என்று மூன்று தடவை ஏற்றி ஏற்றிச் சொல்லுவார். மூன்றாவது 'இதோ'வுக்குக் கோழிக் காலைக் கையில் வைத்திருப்பவர்கூடத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். 'மைக் காளி' என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரில் அவருக்கு இருந்த கர்வத்தை அளக்க ஒரு லோரி வேண்டும்.

அந்த வாயில்தான் கட்டி வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனாலும் எலும்பைத் தின்னும் சாதிக் கட்டி. இடது பக்க மேல்தாடையைப் பாதிக்குமேல் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அண்ணத்தில் மட்டும் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பேசினால் காற்றெல்லாம் மூக்குக்குப் போய், 'க' என்று சொன்னால் 'ங' என்றும் 'ப' என்று சொன்னால் 'ம' என்றும் கேட்டது. ஓட்டையை அடைக்க ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் பல்லே இல்லையே, அது எத்தனை நேரம்தான் நிற்கும்?

தெங்கேராவில் ஒரு கல்யாணத்தில், மூன்றாவது 'இதோ'வில், அந்தத் தட்டு கழன்று பறந்து போய் மாப்பிள்ளையின் அத்தை ஏந்தி நின்ற ஆரத்தித் தட்டில் டங்கென்று விழுந்தது. அத்தை அலறினார். மண்டபம் சிரித்தது. காளிமுத்துவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மைக்கை மேசையில் வைத்துவிட்டு வந்தவர் அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வெளியே வாயைத் திறப்பதையும் நிறுத்திக்கொண்டார். வெட்கம் அவரைத் தின்றது, உள்ளதைச் சொன்னால் அதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் திவ்யதர்ஷினிக்குச் சுங்கை ரம்பாயில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் விமலன் நல்லவன். தை மாதம் கல்யாணம். அவன் அம்மா விஜயராணிதான் கொஞ்சம் கறார், சாமி பக்தி அதிகம். பெண் பார்க்க அவர்கள் வந்தபோது காளிமுத்து வாயைத் திறக்கவில்லை. "என்ன, சம்பந்தி பேசவே மாட்டேங்கிறாரு?" என்று விஜயராணி கேட்க, காளிமுத்துவின் மனைவி ஜானகி சட்டென்று, "மௌன விரதம்லா. முருகனுக்கு வேண்டுதல். பொண்ணு கல்யாணம் வரைக்கும்" என்று ஒரு போடு போட்டாள். விஜயராணி கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து சுங்கை ரம்பாய்க்காரர்கள் பார்வையில் காளிமுத்து பாதிச் சாமியார்.

காளிமுத்துவுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் "இதோ" என்று அழைத்த வாயால் தன் மகளையும் அழைக்க வேண்டும். மூக்கால் இல்லை, வாயால். அது நடக்காவிட்டால் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் போய்ச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வதென்று ஜானகியிடம் சொல்லியிருந்தார்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பவானேஸ்வரி என்று ஒரு சின்னப் பெண். முகத்து எலும்பைச் சொந்த உடம்பிலேயே வளர்த்தெடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தாள். காளிமுத்துவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவள், அவர் வயிற்றைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டாள்.

"அங்கிள், சூப்பர் தொப்பை" என்றாள்.

ஜானகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷமாக அவள் திட்டித் தீர்த்த தொப்பை அது.

"இந்தக் கொழுப்புல கொஞ்சம் எடுப்போம், ஆன்டி. அதுக்குள்ள குருத்தணுன்னு ஒண்ணு இருக்கு. தான் என்ன ஆகப்போறோம்னு இன்னும் முடிவு பண்ணாத அணு. லேப்ல வெச்சு அதைப் பெருக்கி, எலும்பாகுன்னு சொல்லிக் குடுப்போம்."

"சொன்னாக் கேக்குமா? நான் பெத்ததே சொன்னாக் கேக்கறதில்ல."

"கேக்கும், ஆன்டி. அங்கிளோட முகத்தை ஸ்கேன் பண்ணி, காணாமப் போன எலும்பு அளவுக்கே ஒரு கம்பிவலைக் கூடு செய்வோம். அதுல நொய்யரிசி மாதிரி எலும்புச் சத்தை நிரப்பி, இந்த அணுவை விதைச்சு, அங்கிளோட வயித்துத் தசைக்குள்ள வெச்சுத் தைச்சுடுவோம்."

"வயித்துலயா? ஓட்டை வாயிலல்ல இருக்கு?"

"நேரா வாயில வெச்சா பட்டினி கெடந்து செத்துடும். வயித்துத் தசையில நல்ல ரத்தம் ஓடுது. எட்டு மாசம் அங்க இருந்து, ரத்தக் குழாய் புடிச்சு, முழு எலும்பா ஆகட்டும். அப்புறம் குழாயோட எடுத்து, முகத்துல பொருத்தி, கழுத்து ரத்தக் குழாயோட சேர்த்துத் தைப்போம்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இது ஆராய்ச்சி. நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன், அங்கிள். ஒட்டாமலும் போகலாம்."

காளிமுத்து பேனாவை வாங்கித் தாளில் எழுதினார்: தை மாசத்துக்குள்ள முடியுமா? முடியும் என்றாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு அப்போதே போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த அன்று ஜானகி தானாகவே ஐந்தாவது இட்லியை எடுத்து வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

கூடு உள்ளே போனது. காளிமுத்து பெல்ட் போடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது, குனியக்கூடாது. வேட்டையாடி வந்த புலிபோல இருந்தவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தார். தாமான் குடியிருப்பில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்கள். தொழிற்சாலை வாசலில் நிற்கும் மலாய்க்கார கார்டு அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். ஐந்தாம் மாத ஸ்கேனில் வலைக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அந்தப் படத்தை ஜானகி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து, வந்தவர்களிடமெல்லாம், "அவரு ஜாடையேதான்" என்றாள்.

வாய்ப் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி, தசை மறந்துவிடாமல் இருக்கத் தினமும் சொல்லிப் பார்க்கும்படி அவருக்கு ஒரு சொல் கொடுத்திருந்தாள். 'பப்பாளிப் பழம்.' காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று சொல்லுவார். "மம்மாளிம் மழம்" என்று வரும். பக்கத்து வீட்டில் கமலவேணியக்கா சுவரைத் தட்டி, "இன்னும் பழுக்கல, தம்பி!" என்று கத்துவார். தாமானில் சின்னப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட 'மம்மாளிம் மழம்' என்றுதான் கத்தின.

வளைகாப்பு யோசனையும் இந்தக் கமலவேணியக்காவுடையதுதான். கோயில் மகளிர் பகுதித் தலைவி. அவர் ஒன்றை நினைத்துவிட்டால் சாமியே வந்து வேண்டாமென்றாலும் "நீங்க சும்மா இருங்க" என்பார்.

"ஏழாம் மாசம் வயித்துல சொமந்துட்டு நடக்கறது ஆம்பளையா இருந்தா என்ன, பொம்பளையா இருந்தா என்ன? முறைன்னா முறைதான்."

"அக்கா, வளையல் போடறது எதுக்கு? புள்ள அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னுதானே? இது தாடை. இதுக்குக் காது எங்க இருக்கு?" என்றாள் திவ்யா.

"தாடை போயி எங்க உக்காரப்போவுது? காதுக்குப் பக்கத்துலதானே?" என்றார் அக்கா. இதற்கு மேல் யார் என்ன பேசுவது?

காளிமுத்து முடியவே முடியாதென்று தலையை ஆட்டினார். அப்போது ஜானகி, "ஒட்டாமப் போகலாம்னு அந்த டாக்டர் பொண்ணு சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. நாலு பேரு சேந்து நல்லபடியா வரட்டும்னு சொன்னா நானும் தைரியமா இருப்பேன்லா" என்றாள். சொல்லும்போது சிரித்தபடிதான் சொன்னாள், கண்தான் கலங்கியிருந்தது. காளிமுத்து தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தீபாவளி விளக்குச் சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலியில் காளிமுத்துவை உட்கார வைத்தார்கள். இருபது பெண்கள் கூடியிருந்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். தோளில் ஒரு பச்சைப் பட்டுச் சேலையைப் போர்த்தினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று ஏழு வகையையும் தனித்தனியாக பிளெண்டரில் அடித்து ஏழு டம்ளரில் வைத்திருந்தார்கள். அவரால் மெல்ல முடியாதே! மஞ்சளும் பழுப்பும் வெள்ளையுமாக அந்த வரிசையைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது.

வளையல்தான் பாடாய்ப் படுத்தியது. மலாக்கா கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு வாங்கியும் ஸ்டோர்கீப்பர் கைக்கு ஏறவில்லை. கமலவேணியக்கா ஒரு பிளாஸ்டிக் பையை அவர் கையில் மாட்டி, அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவி, "மூச்சை விடுங்க தம்பி, விடுங்க" என்று பிரசவம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக ஏற்றினார். பாட்டுப் பாட யாரோ கொண்டுவந்திருந்த ஸ்பீக்கர் பெட்டியில் மைக்கைச் சொருகி, "ஆராரோ தாடையே" என்று ஒருத்தி எடுத்துவிட்டாள். காளிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்தால் வயிற்றுத் தையல் இழுக்கும், தட்டும் கழன்றுவிடும். தட்டை எடுத்துச் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வாயால் நிம்மதியாகச் சிரித்தார். தட்டு பறந்த நாளுக்குப் பிறகு இருபது பேர் முன்னால் அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு காடி வந்து நின்று, கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அலாமாக்! அத்தை!" என்றாள் திவ்யா, சன்னல் வழியாகப் பார்த்து.

விஜயராணி. கூடவே கணவர் நல்லமுத்து. அலோர் காஜாவில் ஒரு கோயிலுக்கு வந்தவர்கள், வந்த வழியில் சம்பந்தி வீட்டை எட்டிப் பார்க்கலாமென்று வந்துவிட்டார்கள். காளிமுத்து கையில் பதினோரு வளையல், தோளில் பட்டுச்சேலை, வாயில் தட்டு இல்லை. யோசிக்க நேரமில்லை. எழுந்து, குனியாமல், குலுங்காமல், பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரித்துச் சிரித்துக் கால் துவண்டுபோன திவ்யா காலியான நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

விஜயராணி உள்ளே வந்தார். இரண்டு கையிலும் தோட்டத்தில் பறித்த பெரிய பப்பாளிப் பழங்கள்.

"ஐயோ, பப்பாளி!" என்று அலறினார் கமலவேணியக்கா. "வளைகாப்பு வீட்டுக்குள்ள பப்பாளியா? வெளிய வைங்க, வெளிய வைங்க! வயித்துல இருக்கறது என்னாவறது?"

விஜயராணி அப்படியே நின்றார். ஏழு டம்ளரைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த வருங்கால மருமகளின் இடுப்பைப் பார்த்தார்.

"யாருக்கு வளைகாப்பு?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஜானகி சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். திவ்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பேச முயன்றால் இன்னும் அதிகமாக வந்தது. கமலவேணியக்காதான், விஷயம் எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பில், "ஏழு மாசம் ஆயிடுச்சு, இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது?" என்றார்.

நல்லமுத்து செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்துவிட்டார். விஜயராணி பப்பாளியைக் கீழே வைத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"டேய் விமலா! ஏழு மாசமாம்டா!"

"ஓ, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாம்மா?" என்றது விமலன் குரல், வீடு முழுக்க. "எனக்கு மொதல்லயிருந்தே தெரியும். நாந்தான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னேன். நீங்க சத்தம் போடுவீங்கன்னு."

இருபது பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யார் சொல்வதும் யார் காதிலும் விழவில்லை. விஜயராணியின் குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சாமியார் மாதிரி உக்காந்திருந்தாரே உங்க வீட்டுக்காரரு! ஏங்க, காடியை எடுங்க, போவோம்!"

கதவுக்கு இந்தப் பக்கம் காளிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். தட்டு வெளியே டம்ளரில் கிடக்கிறது. அது இல்லாமல் போனால் குரல் எப்படி வருமென்று அவருக்குத் தெரியும். தெங்கேரா மண்டபத்துச் சிரிப்பு காதில் கேட்டது. இன்னும் ஒரு மாதம், ஒரே மாதம், பொறுத்தால் போதும் என்றிருந்தாரே! அப்போது வெளியே திவ்யாவின் சிரிப்பு நின்று, "அத்தை, ப்ளீஸ், கேளுங்களேன்" என்று அவள் அழும் சத்தம் வந்தது.

காளிமுத்து கதவைத் திறந்தார்.

முதலில் வளையல் சத்தம்தான் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். பச்சைப் பட்டு, சந்தனக் கன்னம், இரண்டு கையிலும் வளையல். அவர் நேராகப் போய் மைக்கை எடுத்தார். பழக்கம், கை தானாக ஒரு சுழற்றுச் சுழற்றியது.

"ஏழு மாஞம் எனங்ஙுன்னான், ஞம்மந்திம்மா."

ஸ்பீக்கரில் அது வீதி வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. காளிமுத்துவுக்குக் காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மூக்கால் சொன்னார். ஏழு மாதம் எனக்குத்தான். என் பொண்ணுக்கு இல்லை. வயிற்றில் இருப்பது என் தாடை. மௌன விரதம் எதுவும் இல்லை, வாயில் ஓட்டை, வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்தோம், தப்பு என்னுடையது. சொல்லிவிட்டுச் சேலையை விலக்கி, சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தழும்பைக் காட்டினார். திவ்யா ஓடிப்போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து ஸ்கேன் படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து அத்தையின் கையில் கொடுத்தாள்.

விஜயராணி படத்தைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். "வாயைத் திறங்க, அண்ணே" என்றார். காளிமுத்து திறந்தார். விஜயராணி எட்டி உள்ளே பார்த்தார். நல்லமுத்துவும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓட்டை இருக்குன்னு பேசாம இருந்தீங்களாக்கும்?" என்றார் விஜயராணி. "எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷமாப் பேசறதில்ல. அவருக்கு ஓட்டை கீட்டை ஒண்ணும் கெடையாது."

நல்லமுத்து ஆமாமென்று தலையாட்டினார்.

முதலில் சிரித்தது ஜானகி. அப்புறம் வீடே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. போனை யாரும் வைக்கவில்லை, அதிலிருந்து விமலன், "என்னம்மா அங்க? என்னாச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்தான். விஜயராணி அதை எடுத்து, "உங்க மாமாவுக்கு வளைகாப்புடா, அப்புறம் பேசறேன்" என்று அணைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்தார். பன்னிரண்டாவது வளையலும் பதின்மூன்றாவது வளையலும் அவர் போட்டதுதான்.

போட்டு முடித்துக் கையை விடாமலே சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு நீங்கதான் பேசணும், அண்ணே. தாடை வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இதே கொரல்ல பேசினாலும் நாங்க கேப்போம்."

காளிமுத்துவின் சந்தனம் பூசிய கன்னத்தில் இரண்டு கோடு இறங்கியது. பிறகு விஜயராணி ஒரு பப்பாளியை அறுத்து மசித்து அவருக்கு ஊட்டப் போக, கமலவேணியக்கா குறுக்கே பாய்ந்து தடுக்க, கடைசியில் திவ்யா டாக்டருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். 'போலே லா, அங்கிள்', தாராளமாகச் சாப்பிடலாம் என்று பதில் வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

எட்டு மாதம் முடிந்து மூன்றாவது நாள், ஜானகி எண்ணெய் தடவி வளையல்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கோலாலம்பூரில் பதினோரு மணி நேரம் அறுவை நடந்தது. டாக்டர் பவானேஸ்வரி வெளியே வந்தபோது, முகமூடியை இறக்கிவிட்டு, "ரத்தம் ஓடுது, ஆன்டி! புது எலும்புல ரத்தம் நல்லா ஓடுது!" என்று குதித்தாள். ஜானகி டப்பாவோடு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வளையல் சத்தத்தில் ஆஸ்பத்திரி நடைவழியே திரும்பிப் பார்த்தது.

முதலில் மூக்குக் குழாயில் கஞ்சி, அப்புறம் கரண்டியில் கஞ்சி. ஆறாவது வாரம் காளிமுத்து தண்ணீர் குடித்தார், மூக்கு வழியாக வரவில்லை. வீட்டில் மெல்லப் பேசவும் தொடங்கினார். ஆனால் ஒன்றை மட்டும் செய்யவில்லை. 'ப' வரும் சொல் எதையும் சொல்லவில்லை. பசித்தால் 'சோறு' என்றார், பால் வேண்டுமென்றால் கையால் காட்டினார். பயிற்சி சொல்லித்தரும் பெண் கெஞ்சிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்து, பழையபடியே வந்துவிட்டால்? அந்தப் பயம் அவருக்கு. "வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு சம்பந்தி சொல்லியாச்சுல்ல" என்று ஜானகி சொன்னாள். "அவங்க சொல்லிட்டாங்க. எனக்கு வரணுமே" என்றார் காளிமுத்து.

தை மாதம், அலோர் காஜா மண்டபம். அறுநூறு பேர். எதற்கும் இருக்கட்டுமென்று விமலனின் சித்தப்பா மகன் குகன் கோட்டுப் போட்டுக்கொண்டு இன்னொரு மைக்கோடு ஓரமாக நின்றான். வாசலில் மாலையோடு விமலனும் திவ்யாவும் தயாராக இருந்தார்கள். காளிமுத்து மேடைக்கு வந்தார். இடது கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. மைக்கைக் கையில் எடுத்தார்.

மைக்கைச் சோதிக்க ஆளாளுக்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். ஹலோ என்பார்கள், ஒன் டூ த்ரீ என்பார்கள். காளிமுத்து கண்ணை மூடினார். உதட்டை இறுக்கினார். புது அண்ணத்துக்கு அடியில் காற்று வந்து நின்றது, எங்கேயும் ஒழுகாமல் நின்றது.

"பப்பாளிப் பழம்."

'ப' என்ற எழுத்து ஸ்பீக்கரில் பட்டென்று வெடித்தது. ஒலிபெருக்கிக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். அறுநூறு பேரில் ஐந்நூற்றைம்பது பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண் வீட்டார் பக்கத்திலிருந்து கமலவேணியக்கா நாற்காலிமேல் ஏறிக் குலவை போட்டார். "பழுத்துருச்சு! பழுத்துருச்சு!" தாமான் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் விஜயராணி, கறாரான விஜயராணி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "இன்னொரு தரம், அண்ணே!" என்று கத்தினார். அவருக்குப் பக்கத்தில் நல்லமுத்து தன்னை மறந்து, "பப்பாளி!" என்றார். முப்பது வருஷத்தில் அவர் சபையில் பேசிய முதல் சொல்.

ஜானகி கையில் பதின்மூன்று கண்ணாடி வளையல். டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெரிய அளவு, முழங்கை வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. அவள் அழுகையைத் துடைக்கும்போதெல்லாம் அது குலுங்கியது.

காளிமுத்து இன்னொரு தரம் சொல்லவில்லை. வாசலைப் பார்த்தார். அங்கே மாலையோடு நின்ற மகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், மை கலைந்து கன்னத்தில் வழிய.

"இதோ…" என்றார். கோழிக் கால்கள் தட்டுக்குத் திரும்பின. "இதோ… இதோ! என் பொண்ணு வர்றா."